ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல்

நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. என் போனுக்கு மட்டும் அது இன்னும் தெரியாது போலிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பேராவது கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஸ்டெல்லாக்கா, டிஜிட்டல் வருதாமே, கூரையில நிக்கிற பழைய அன்டனாவக் கழட்டிப் போட்டுறவா?" பதுளையில் நான் வேலை பார்த்த டிவி திருத்தும் கடையில் இப்போது இருக்கிறவர்களும் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கழட்டாதீர்கள் என்பதுதான் என் பதில். அன்டனா என்பது நாலைந்து அலுமினியக் குழாய்கள், அவ்வளவுதான். அதற்குப் புதுசும் தெரியாது, பழசும் தெரியாது. காற்றில் வருவதைப் பிடித்து வயரில் இறக்கிவிடும். அதைப் படமாக்குவது கீழே இருக்கும் பெட்டியின் பாடு. கைநீளக் கம்பிகள் வைத்த ரொம்பப் பழைய ரகமாக இருந்தால் மாற்ற வேண்டி வரலாம். குட்டைக் கம்பிகள் வரிசையாக, மீன் முள் மாதிரி இருக்கிற ரகம் என்றால் துருவைச் சுரண்டி, புது வயர் போட்டு, டவர் இருக்கிற பக்கம் திருப்பினால் போதும். டிஜிட்டல் அன்டனா என்று அட்டைப்பெட்டியில் எழுதி விற்பதும் அநேகமாக அதே மீன் முள்தான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பழைய ஒளிபரப்பு நல்ல மனசுக்காரன். சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், குரல் இரையும், ஆனாலும் அரைகுறையாக எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும். டிஜிட்டல் அப்படி இல்லை. இருக்கும்வரை பளிச்சென்று இருக்கும், ஓர் அளவுக்குக் கீழே போனால் படம் கட்டங்கட்டமாக உடைந்து, உறைந்து, அப்புறம் திரை கறுத்துவிடும். இந்த வித்தியாசத்தை விளக்கப் போய், கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். பாதியில் "அக்கா, பஸ் வந்துருச்சு" என்று போனை வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எழுதினால் யாரும் நடுவில் பஸ் ஏற முடியாது.

நான் பிறந்தது பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பரா எனும் ஒற்றை அறை வீடுகள். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த வருஷம், மாதா கோயில் பாதர் நடத்திய தொழிற்பயிற்சி வகுப்பில் சேரப் போனேன். தையலுக்கு இடம் முடிந்துவிட்டது. ரேடியோ, டிவி திருத்தும் வகுப்பில் இடம் இருந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த வரலாறு இவ்வளவுதான். பதினொரு மாதம் ஈயம் உருக்கினேன், விரல்களைச் சுட்டுக்கொண்டேன், சான்றிதழ் வாங்கினேன். அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

என்னை வேலைக்கு எடுத்தவர் சிறிபால மாத்தயா, சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய கடை. சிங்களவர். தோட்டங்களில் அலைந்து அலைந்து தமிழை ஒரு மாதிரி கற்றுவைத்திருந்தார். என்னை "நங்கி", தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். முதல் மாதமே என்னைக் கூரையில் ஏற்றினார். வீட்டுக்காரர் பதறிப்போய், "பொம்பளப் புள்ளைய ஏத்துறீங்களே மாத்தயா" என்றார். "ஏறுறது ஆம்பளையா பொம்பளையான்னு கூரைக்குத் தெரியாதுதானே" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊர்வாய் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. ஆனால் லயங்களில் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பது பெண்களும் முடியாதவர்களும்தான். காம்பராவுக்குள் தயங்காமல் விட ஒரு பொம்பளை வந்தாளே என்று அவர்களுக்குச் சந்தோஷம். இரண்டு மூன்று வருஷத்தில் தோட்ட வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. நானும் அதை விரும்பித்தான் சுமந்தேன்.

மாத்தயாவின் முறை இப்படி. ஒரு வீட்டுக்குப் போனால் பையைத் திறக்கக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா நின்று பார்க்க வேண்டும். அப்புறம் வீட்டில் இருக்கிறவர்கள் சொல்வதை ஆரம்பத்திலிருந்து கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது பொருந்தவில்லை என்றால் கோபப்படாமல் இன்னொரு தடவை கேட்க வேண்டும். கம்பம் எங்கே, எந்த இரண்டு மலைக்கு இடையில் பார்க்கிறது, வயர் எத்தனை முழம், எங்கே இணைப்பு என்று கொப்பியில் படம் போட வேண்டும். கடைசியாக, வயர் ஜன்னலுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வளையம் விட வேண்டும். வயரைத் தொங்கலாக விட்டு, கீழே இறக்கி, திரும்ப மேலே ஏற்றி உள்ளே கொண்டுபோவது. மழைத் தண்ணீர் வயரோடு வழிந்து வீட்டுக்குள் வராமல் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். காற்றில் கம்பம் ஆடினாலும் வயர் இழுபடாது. ஒன்றரை முழம் வளையம். அதைத் தன் முழங்கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். என் கை அவர் கையைவிடக் குட்டை என்பதால் எனக்கு இரண்டு முழம் என்று கணக்கு வைத்தார்.

லயங்களில் அன்டனா கட்டுவது டவுனில் கட்டுவது போல இல்லை. லயம் பள்ளத்தில் இருக்கும், சிக்னல் மேட்டில் இருக்கும். அதனால் கம்பத்தை மேலே ஒரு பாறையிலோ மலை விளிம்பிலோ நட்டு, தேயிலைச் செடிகளுக்கு மேலாக வயரை இழுத்துக்கொண்டு வர வேண்டும். நான் மேலே கம்பத்தைத் திருப்புவேன். டிவிக்கு முன்னால் ஒருவர், வாசலில் ஒருவர், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒருவர் என்று வரிசையாக நின்று "வருது, வருது, போச்சு!" என்று கைமாற்றிக் கத்துவார்கள். ஒருமுறை ஹப்புத்தளைப் பக்கம் மழைத் தூறலில் பாறைமேல் நின்று அரைமணி நேரம் கம்பத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கீழிருந்து சத்தமே இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் படம் எப்போதோ நன்றாக வந்துவிட்டது. கத்த வேண்டிய ஆட்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு பலகையைப் போட்டார்கள். கோபத்தோடு உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தேன்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் அன்டனா வந்தால் பக்கத்துக் காம்பராக்காரர் அந்த வயரிலிருந்து ஒரு கிளை எடுப்பார். வயரை வெட்டி, செம்பை முறுக்கி, பொலித்தீன் பைத் தாளைச் சுற்றிவிடுவார்கள். ஒரு வயரில் ஆறு வீடு பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். லயத்தில் அடுப்புத் தணலை வாங்கிப் போவது போல அதுவும் ஒரு கொடுக்கல் வாங்கல், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. பழைய ஒளிபரப்பில் ஆறு வீட்டிலும் ஏதோ ஒன்று தெரிந்தது. டிஜிட்டலில் அந்த முறுக்கல் இணைப்பு ஆறு வீட்டையும் கறுப்பாக்கிவிடும். சோதனை ஒளிபரப்பு எங்கள் பக்கம் எட்டத் தொடங்கிய காலத்தில் வந்த முறைப்பாடுகளில் பாதி இதனால்தான். கேட்டால், யாரும் வயரைத் தொடவே இல்லை என்று சத்தியம் பண்ணுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

இந்த நிலைமையில்தான் கமலத்தின் வீட்டுக்குப் போனேன்.

கொஸ்லந்தவுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, அரைமணி நேரம் மேலே ஏற வேண்டிய தோட்டம். எட்டுக் காம்பரா கொண்ட லயம். கமலத்துக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கொழுந்து எடுக்கிறவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். வீட்டில் அவளும் மாமனார் வீரய்யாவும்தான். வீரய்யா தோட்டத்து ஸ்டோரில் தேயிலை அரைக்கும் மெஷினோடு காலத்தைக் கழித்தவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கமலம் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது டிவியைப் போட்டுவிட்டுப் போவாள். பின்னேரம் அவள் வரும்வரை அவர் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"டிவி ஓடுனா மாமா அமைதியா இருப்பாருக்கா" என்றாள் முதல் நாளே. "நின்னு போச்சுன்னா, சரி பண்ணலாம்னு எழும்பப் பாக்குறாரு. ரெண்டு தடவ விழுந்துட்டாரு. போன தடவ நெத்தி கிழிஞ்சு, நான் வர்ற வரைக்கும் தரையிலயே கெடந்திருக்காரு."

அவள் புருஷன் கொழும்பிலிருந்து ஒரு டிஜிட்டல் பெட்டியை அனுப்பியிருந்தான். அன்டனா பழையது. லயத்துக்குப் பின்னால், மேட்டில் ஒரு பெரிய பாறை. அதில் துளைபோட்டு நட்ட இரும்புக் கம்பத்தில் பதினைந்து வருஷமாக நிற்கிறது. நான் முள்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன், புது வயர் போட்டேன், ஜன்னலில் என் கணக்குக்கு இரண்டு முழம் வளையம் விட்டு, சட்டத்தில் கிளிப் அடித்தேன். படம் பளிச்சென்று வந்தது. வீரய்யா முகத்தின் இடது பக்கத்தால் சிரித்தார். கமலம் சீனி போடாத தேத்தண்ணியும் கையில் ஒரு கருப்பட்டித் துண்டும் கொடுத்தாள். மனசு நிறைந்து இறங்கி வந்தேன்.

மூன்று வாரம் கழித்து கடைக்கு போன் வந்தது. படம் இல்லை, வீரய்யா மறுபடி விழுந்துவிட்டார். நல்ல மழைக்காலம். பண்டாரவளையில் பஸ் மாறி, பெரகலயில் மண் விழுந்து பாதை ஒரு பக்கமாக விட்டிருந்ததில் காத்திருந்து, நனைந்து போய்ச் சேர்ந்தேன். ஜன்னலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வளையத்தைக் காணோம். நான் தொங்கவிட்டிருந்த இரண்டு முழமும் இல்லை. பாறையிலிருந்து ஜன்னல் வரை வயர் துணி காயப்போடும் கொடி போல விறைத்து நின்றது. உள்ளே பெட்டியின் பின்பக்கம் முனை பாதி கழன்று, நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

கையைப் பின்னால் கட்டி நிற்கவில்லை. கொப்பியை எடுக்கவில்லை. "யாருக்கு லைன் குடுத்த?" என்றுதான் கேட்டேன்.

"யாருக்கும் குடுக்கலக்கா. யாரும் தொடல."

"நான் விட்டுட்டுப்போன வயர் எங்க அப்போ? தானா சுருங்கிருச்சா?"

"தெரியலக்கா. நெசமா யாரும் தொடல."

மழைக்கு ஒதுங்கி இஸ்தோப்புத் திண்ணையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்: "பொய் சொல்றதுன்னாலும் கொஞ்சம் பொருத்தமா சொல்லு கமலம். வேற வீட்டுக்கு இழுத்து முடிச்சுப் போட்டிருக்கீங்க, நான் வர்றேன்னு தெரிஞ்சதும் அவுத்திருக்கீங்க. அந்த மனுசன் விழுந்து கெடக்குறதுக்கு நீதான் காரணம்."

அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வயரோடு பாறைவரை ஏறிப்போய் வெட்டுக்காயம் தேடினேன். ஒன்றும் இல்லை. இல்லாததும் எனக்கு அவர்களுடைய கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. துண்டு வயர் சேர்த்து, ஒழுங்காக ஈயம் வைத்து, மறுபடி வளையம் விட்டேன். "இன்னொரு தடவ தொட்டீங்கன்னா கடையில இருந்து யாரும் வரமாட்டாங்க" என்று மிரட்டிவிட்டு வந்தேன். தேத்தண்ணி வந்தது, குடிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கூசுகிறது.

ஒன்பதாம் நாள் காலையில் கமலம் கடைக்குப் பேசாமல் என் போனுக்கே பேசினாள். குரலில் மரியாதை இருந்தது, பழைய சிநேகம் இல்லை.

"அக்கா, நீங்க வந்து ஒன்னு பாக்கணும்."

"படம் போயிருச்சா?"

"படம் இருக்கு. ஒடஞ்சு ஒடஞ்சு வருது. அதுக்காகக் கூப்புடல. நீங்க வந்து பாக்கணும்."

போனேன். அவள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பேர் போட்டால் கிடைக்கிற சம்பளத்தை விட்டு, ஜன்னலோரம் எனக்காக நின்றிருந்தாள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் இருவரும் கூட நின்றார்கள். கமலம் வயரைத் தொடாமல் விரலால் காட்டினாள். வயரில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அம்மன் கோயிலில் கையில் கட்டிவிடும் நூல்.

"அன்னைக்கு நீங்க எறங்கிப் போனதும் இவங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுக் கட்டுனேன். கரெக்டா ஜன்னல் சட்டத்துல முட்டுற மாதிரி. யாராவது வயர இழுத்தா தெரியட்டும்னு. நாங்க யாரும் தொடல, மாரியாத்தா சத்தியம். இப்ப பாருங்க."

முடிச்சு சட்டத்துக்கு வெளியே, ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி நின்றது. வளையம் மறுபடி பாதியாகக் குறைந்திருந்தது. நான் ஈயம் வைத்த இணைப்பு இழுபட்டுத் தளர்ந்திருந்தது, படம் உடைவது அதனால்தான்.

அவளுக்கு வேண்டியது தன் பேர் சுத்தமாவது ஒன்றுதான். எனக்கு அப்போது வேறு ஏதோ பொருந்தவில்லை. பாறைக்கு ஏறினேன். கம்பம் நேராக நின்றது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. கம்பத்தோடு வயரைப் பிடித்திருந்த கிளாம்ப் நான் முடுக்கியபடியே இருந்தது, அதில் வயர் நழுவிய தடயமே இல்லை. செம்பு வயர் சுருங்காது. அங்கே வயர் நழுவவில்லை, இங்கே யாரும் இழுக்கவில்லை. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் கூடியிருக்க வேண்டும். பாறை எங்கும் போகாது.

வீடு போகிறது.

வயருக்கு நேர் கீழாகச் செடிகளுக்குள் இறங்கினேன். பாதி தூரத்தில் ஒரு பழைய கான், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். அதற்கு இந்தப் பக்கம், கவ்வாத்து வெட்டிப் போட்ட குச்சிகளும் சருகுமாக மூடிக் கிடந்த இடத்தில் என் கால் முழங்கால் வரை உள்ளே போனது. காலை இழுத்துக்கொண்டு குச்சிகளை விலக்கினேன். நிலம் பிளந்திருந்தது. ஒரு சாண் அகலம், அதற்குக் கீழே சருகுக்குள் அதே மாதிரி இன்னும் நாலு. இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தேன். மேல் பிளவு லயத்தின் நீளத்துக்குப் போய், இரண்டு முனையிலும் கீழ்நோக்கி வளைந்திருந்தது. எட்டுக் காம்பராவையும் வளைத்துக்கொண்டு மலை தனியாகக் கழன்றுகொண்டிருந்தது.

கமலம் பின்னாலேயே வந்திருந்தாள். "வீட்டுக் கதவெல்லாம் ஒழுங்கா மூடுதா?" என்று கேட்டேன்.

"பின் கதவு ஒரு மாசமா மூடலக்கா. மழையில பலக ஊதிருச்சுன்னு நெனச்சோம். பீலித் தண்ணியும் நாலு நாளா செவப்பா வருது."

"கமலம், யாரும் வயர இழுக்கல. வீடு கீழ எறங்குது. இன்னைக்கே எல்லாரும் போயிறணும்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. பிளவைப் பார்த்தாள், கீழே தன் கூரையைப் பார்த்தாள். "மாமாவ எப்பிடிக்கா தூக்குறது?" என்றுதான் கேட்டாள்.

அங்கே யாருக்கும் மண்சரிவு பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை. மலை சரிந்து லயங்களையே மூடிய மீரியபெத்த எட்டும் தூரம்தான். அந்த லயத்திலேயே அங்கு சொந்தத்தை இழந்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் வீட்டை விட்டுப் போ என்றால் யாருக்குத்தான் கால் எழும்? கிராம சேவகருக்கு நான் போன் பண்ணினேன். கமலம் மலைக்கு ஓடிப்போய்க் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூட்டிவந்தாள். கடைசிக் காம்பராவில் இருக்கும் செல்லத்துரை வந்ததும் வராததுமாகச் சிரித்தார்.

"டிவி வயரப் பாத்து வீட்ட விட்டுப் போகச் சொல்றீங்களா? நல்லாருக்கே கத."

கமலம் அவர் கையைப் பிடித்துப் பிளவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "கால உள்ள விடுங்கண்ணே" என்றாள். அவர் விட்டார். முழங்கால்வரை போனது. வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நேராகப் போய்த் தன் பிள்ளைகளின் புத்தகப் பைகளை எடுத்து வெளியே வைத்தார்.

கிராம சேவகர் ஒரு மணி நேரத்துக்குள் வந்தார். பிளவைப் பார்த்ததும் நாலைந்து இடத்துக்கு போன் பண்ணினார். தோட்டப் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்தது. ஏழு வீடும் சாமான் கட்டிவிட்டது. கமலத்தின் வீட்டில் மட்டும் ஒன்றும் நகரவில்லை. வீரய்யா நல்ல கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு ஆம்பிளைகள் கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டிக் காத்திருந்தார்கள். விரல்களைப் பிரித்தால் மறுபடி பிடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. ஐம்பது வருஷம் படுத்த இடம் அது.

"அக்கா, டிவிய எடுங்க" என்றாள் கமலம்.

"இப்ப அதுவா முக்கியம்?"

"எடுங்கக்கா!"

எடுத்தேன். பிளக்கைக் கழற்றி, பெட்டியை மேலே வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். அவர் தலை என்னோடு திரும்பியது. வாசலுக்கு வெளியே நான் நின்றதும் கட்டிலை விட்டுவிட்டுக் கையை என் பக்கம் நீட்டினார். அந்த நொடியில் தூக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் வரை நான் டிவியோடு முன்னால் நடந்தேன், அவர் கம்பளியில் பின்னால் வந்தார். எங்களைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அன்டனாவைக் கழற்றி வரத் திரும்பிப் போகப் பார்த்தேன். பாறைக்குப் பிளவைத் தாண்டித்தான் போக வேண்டும். கமலம் என் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்படியே விட்டேன். என் பையில் ஒரு குட்டி அன்டனா கிடந்தது. அதைப் பள்ளிக்கூடக் கூரையில் ஒரு கம்பில் கட்டி, படம் வரவழைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆறுதல் சொல்ல எனக்கு வேறு வழி தெரியாது.

மறுநாள் அதிகாரிகள் வந்து அளந்து பார்த்தார்கள். யாரும் திரும்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மழை நின்றுபோனது. ஐந்து நாள் நல்ல வெயில். பள்ளிக்கூடத் தரையில் எட்டுக் குடும்பம் படுத்துக் கிடந்தது. "டிவிக்காரம்மா பேச்சக் கேட்டு இப்பிடி ஆயிருச்சு" என்று பேச்சு கிளம்பியதாக கமலமே போனில் சொன்னாள். செல்லத்துரை பகலில் போய்த் தன் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறாராம். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து நாளில், மலை விழுந்து தொலைத்தால் என்ன என்று நான் நினைத்தேன். என் பேச்சு சரி என்று ஆக வேண்டும் என்பதற்காக எட்டு வீடு போக வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் மாதா கோயிலில் முழங்காலில் நின்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

ஆறாம் நாள் மழை திரும்பியது. ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு, நான் கடையில் ஒரு போர்டைத் திறந்து வைத்திருந்தபோது போன் வந்தது. கமலம்தான். "எறங்கிருச்சுக்கா" என்றாள். லயத்தில் பாதி மண்ணுக்குள். அவள் காம்பரா இருந்த இடமே தெரியவில்லை. ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில். உயிர்ச் சேதம் செல்லத்துரையின் கோழிகளோடு போயிற்று. அனலொக் காலமாக இருந்திருந்தால் அந்தப் படத்தில் லேசாகப் புள்ளி விழுந்திருக்கும், வீரய்யா அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார், என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இதைத்தான் போனில் கேட்கிறவர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போனேன். கமலம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எல்லோருக்கும் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தினேன்.

"கமலம், அன்னைக்கு நீ பொய் சொல்றன்னு சொன்னேன். தப்பு. மன்னிச்சுக்க."

அவள் மாவைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "நீங்க அன்னைக்கு என்னைய நம்பியிருந்தா நான் நூலே கட்டியிருக்க மாட்டேன்க்கா."

எனக்கு மூச்சு வந்தது. என் தப்பும் ஒரு நன்மைக்குத்தான் என்று சிரிக்கப் போனேன். அவள் கல்லில் ரொட்டியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதுக்காக நீங்க சொன்னது இல்லைன்னு ஆயிராது. மாமா விழுந்ததுக்கு நான்தான் காரணம்னு சொன்னீங்க. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. இப்ப தனியா வந்து என் காதுல சொல்றீங்க. அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாலதானக்கா சொன்னீங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எழுந்தேன். மண்டபத்துக்குள் போனேன். எட்டுக் குடும்பமும் சுவரோடு சுவராக உட்கார்ந்து மத்தியானப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. வீரய்யா முன்வரிசையில், இரண்டு தலையணைக்குச் சாய்ந்து. அவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்க வேண்டுமானால் நிற்க ஒரே இடம்தான் இருந்தது. டிவிக்கு முன்னால் போய் நின்றேன். கமலம் மாவுக்கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க" என்றேன். "கமலம் பொய் சொல்றான்னு நான் ஒங்க எல்லாருக்கும் முன்னால சொன்னேன். அவ பொய் சொல்லல. அவ யாருக்கும் லைன் குடுக்கல. பெரியவர் விழுந்ததுக்கும் அவ காரணம் இல்ல. வயரப் பாக்கத் தெரிஞ்ச நான்தான் பாக்காம ஏசுனேன். தப்பு என்னோடது."

செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பின்னால் படத்தில் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். வீரய்யா என்னையே பார்த்தார். மெதுவாக இடது கையைத் தூக்கினார். ஆசீர்வாதம் பண்ணப்போகிறார் என்று நினைத்து நான் கை கூப்பப் போனேன். அவர் கையை இரண்டு தரம் பக்கவாட்டில் விசிறினார். விலகு, படம் மறைக்கிறது என்று.

மண்டபமே சிரித்தது. நான் அவசரமாக விலகினேன். வாசலில் நின்ற கமலம் மாவுக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.